ஏழாவது வரிசை

சூரிய மின் பலகை கழுவ ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது ஆபரேட்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எங்க சகலை ஒருத்தர் இருக்கார் சார், நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுநிமிஷமே அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. சகலை என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், வயதில் எட்டு வருஷம் மூத்தவர். அந்த மனிதர் வாளியும் கையுமாக நிற்க, தான் மடிப்புக் கலையாத சட்டையில் மீட்டர் பார்த்துக்கொண்டு நிற்பதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

நாலு பேர் என்றால் அங்கே நிஜமாகவே நாலு பேர்தான். ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்த மூன்று பேர், வாசலில் ஒரு வாட்ச்மேன். சின்ன சூரிய மின் நிலையம் அது. வரிசைக்கு இருபது பலகையாக நாற்பது வரிசை, நடுவில் ஓர் அறை, சுற்றிலும் கம்பி வேலி. ஆனால் வெட்கப்படுகிறவனுக்கு நாலு பேரே தாராளம்.

சகலைக்கு அப்போது வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு பாட்டில் கம்பெனியில் இருந்தவர். கழுவி வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே தூசியோ விரிசலோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மயிரிழை விரிசல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பேர் வாங்கியவர். பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த வேலை வந்ததும் அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி சம்பந்தப்பட்ட வேலை, நமக்குத் தெரிந்த வேலை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் நாளே ஆபரேட்டர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வெளியில என்ன வேணா கூப்பிடுங்க. இங்க மட்டும் சகலைன்னு கூப்பிட வேண்டாம். மத்தவங்க தப்பா எடுத்துப்பாங்க."

"சரி சார்" என்றார் சகலை. உடனே, முகம் மாறாமல், மிகச் சுலபமாகச் சொன்னார். அந்தச் 'சார்' ஆபரேட்டரின் காதில் சுருக்கென்று விழுந்தது. ஆனாலும் அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆபரேட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தன் தொழிலை அவர் நன்றாக அறிந்தவர். பார்வையாளர்கள் வந்தால் குஷியாகிவிடுவார். வாசலருகே ஒரு தனிப் பலகையை வைத்து அதில் ஒரு குட்டி மின்விசிறியை இணைத்திருந்தார். பலகைக்குள் இருக்கும் சிலிக்கான் வில்லைகளில் வெயில் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடும், அந்த ஓட்டம்தான் மின்சாரம், சூடு அல்ல, வெளிச்சம்தான் வேலை செய்கிறது என்று விளக்குவார். அது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதை அறைக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் வீட்டு விளக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஊர்க் கம்பிக்கு அனுப்புகிறது என்பார். கடைசியில், யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, பலகையின் ஓரத்தில் கையை வைக்கச் சொல்வார். விசிறி தள்ளாடி நின்றுவிடும். எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள்.

"வாளி கைமாத்தி விடுற மாதிரி" என்பார் அப்போது. "இருபது பேர் வரிசையா நின்னு தண்ணி வாளியைக் கைமாத்துறாங்க. நடுவுல ரெண்டு பேர் தூங்கிட்டா மத்தவங்க என்ன பண்ண முடியும்? அதான் நிழல்."

இந்த வாக்கியத்தை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கேட்டவர்கள் எல்லாம் வெளியாட்கள். தினமும் அந்தப் பலகைகளைத் தொட்டுத் துடைத்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கழுவுகிறவர்களுக்கு எதற்கு அதெல்லாம்?

சகலைக்கு முதல் பத்து வரிசைகள். வந்த மூன்றாவது வாரம் ஏழாவது வரிசையின் உற்பத்தி லேசாகக் குறைந்தது. ஆபரேட்டர் போய்ப் பார்த்தார். இரண்டு பலகைகளில் பறவை எச்சம். தான் காலையில் கழுவிவிட்டதாகவும் பறவை பிறகுதான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சகலை சொன்னார். உண்மையும் அதுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆபரேட்டர் சரி என்று போயிருப்பார். சொன்னது சகலையாக இருக்கவே, மற்ற மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போல் அவருக்குப் பட்டது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒருவன் வாயைத் திறந்துவிட்டால்? மேனேஜர் காதுக்குப் போய்விட்டால்? வேண்டுமென்றே குரலை உயர்த்தி, கழுவுகிற லட்சணம் இதுதானா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். சகலை வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஆபரேட்டர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழாவது வரிசையின் கிழக்கு முனையில் கொஞ்சம் சிமெண்டுத் தளம் இருந்தது. நாற்காலி ஆடாமல் நிற்கும் இடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். வெயிலுக்கு, நிலையத்தின் திறப்பு விழாவில் வாங்கிப் போட்டிருந்த இரும்புக் காலுள்ள பெரிய குடையையும் உருட்டிக்கொண்டு வந்து நட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சகலையைக் கவனிக்க ஆரம்பித்தார். கழுவி முடிந்தபின் அவர் அறைக்குப் போவார். நாற்காலியும் குடையும் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும்.

அன்று மதியம் கணக்கைப் பார்த்தால் ஏழாவது வரிசை இன்னும் இறங்கியிருந்தது.

கண்ணெதிரே உட்கார்ந்து பார்த்தும் குறைகிறதென்றால் என்ன அர்த்தம்? ஆபரேட்டருக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் இன்னும் முன்னதாகவே போய் உட்கார்ந்தார். துடைத்த பலகையைத் திரும்பத் துடைக்கச் சொன்னார். சகலை துடைத்தார். மூலையில் விரலால் தேய்த்துக் காட்டச் சொன்னார். சகலை தேய்த்துக் காட்டினார். மற்ற மூவரும் தலையைத் திருப்பிக்கொண்டு தங்கள் வரிசைகளுக்குள் மறைந்துபோனார்கள். பெரிய மனிதர் ஒருவர் சின்னப் பிள்ளை போல விரலை நீட்டிக் காட்டுவதை அவர்களால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆபரேட்டரால் முடிந்தது.

ஒரு நாள் சகலை துடைப்பானைப் பிடித்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், குடையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டா நல்லாருக்கும். அந்த மூணு பலகையில மட்டும் தண்ணி காய மாட்டேங்குது."

"என் குடையைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றார் ஆபரேட்டர். "உங்க வேலையைப் பாருங்க." கண்காணிப்பு உறுத்துகிறது, அதனால்தான் ஆளை நகர்த்தப் பார்க்கிறார் என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

இன்னொரு வினோதமும் இருந்தது. வியாழக்கிழமை ஆபரேட்டருக்கு விடுமுறை. வியாழக்கிழமைகளில் ஏழாவது வரிசை மற்றவற்றுக்குச் சமமாக ஓடியது. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் இல்லாத நாளில் ஒழுங்காகக் கழுவுகிறார். நான் இருந்தால் வேண்டுமென்றே சொதப்புகிறார். வேலை வாங்கிக் கொடுத்தவன் மேலேயே காழ்ப்பு. நாற்காலியும் குடையும் வியாழக்கிழமைகளில் அறைக்குள்ளேயே கிடந்தன என்பதை அவர் யோசிக்கவில்லை. உற்பத்தியை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்திருந்தாலும் காலையில் குறைந்து மதியத்துக்குமேல் சரியாவது தெரிந்திருக்கும். அவர் நாள் மொத்தத்தை மட்டும் பார்த்தார், அதற்குமேல் மனிதரைப் பார்த்தார்.

மேனேஜருக்கு ஒரு புகார் எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு. தான் விடுப்பில் இருக்கும் நாள்களில் மட்டும் ஏழாவது வரிசை குறைவின்றி இயங்குவதாகவும், ஆகவே இது திறமைக் குறைவு அல்ல, திட்டமிட்ட அலட்சியம் என்றும், உறவினர் என்பதற்காகத் தான் இதை மறைக்க விரும்பவில்லை என்றும் எழுதினார். கடைசி வரியை எழுதும்போது அவருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் காலையில் வந்தார். எல்லோரையும் ஏழாவது வரிசைக்கு வரச் சொன்னார்கள். ஆபரேட்டர் எண்களை வாசித்தார். சகலையிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார்.

"நல்லாத்தான் கழுவினேன் சார்" என்றார் சகலை. பிறகு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "அழுக்கு என் கண்ணுல படல போல" என்றார். மேனேஜர் தலையசைக்க, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ஆபரேட்டர். சகலை துடைப்பானைப் பிழிந்து, உதறி, வாளியின் விளிம்பில் ஒழுங்காக வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

மற்ற மூவரும் பத்து வரிசைகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காவல் காக்க ஆள் இல்லாததால் நாற்காலிக்கும் குடைக்கும் அவசியமில்லை, இரண்டும் அறைக்குப் போயின. ஏழாவது வரிசை மறுநாளே நிமிர்ந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மற்ற வரிசைகளோடு தோளோடு தோள் நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆபரேட்டர் அந்த உற்பத்திக் கணக்குக் காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அக்கா பேச்சை நிறுத்தி இரண்டு வாரமாகிறது, போன் செய்தால் எடுப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஒரு கல்லூரியிலிருந்து இருபது மாணவர்கள் வந்தார்கள். ஆபரேட்டர் வழக்கம்போல விசிறியை ஓட்டிக் காட்டினார், நிறுத்திக் காட்டினார், வாளிக் கதையைச் சொன்னார். கூட வந்த ஆசிரியைக்கு முழங்கால் வலி, நிற்க முடியவில்லை. ஆபரேட்டர் ஓடிப்போய் நாற்காலியை ஏழாவது வரிசை முனையில் போட்டு, குடையையும் உருட்டி வந்து விரித்து, அம்மா உட்காருங்கள் என்றார். மாணவர்கள் பக்கத்தில் இருந்த இணைப்புப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று காட்டும் சின்னத் திரை அதில் இருக்கிறது. ஒரு மாணவி எண்களைச் சத்தமாக வாசித்தாள். எட்டு புள்ளி ஒன்று, எட்டு புள்ளி இரண்டு, எட்டு புள்ளி ஒன்று.

"சார், ஏழாவது மட்டும் ஏன் மூணு புள்ளி நாலு?"

கழுவுகிறவர்கள் சரியில்லை என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வரிசையைச் சற்று முன்புதான் அவரே பார்த்திருந்தார். பளிங்கு மாதிரி இருந்தது.

"அந்தக் குடையோட நிழலா சார்?" என்றாள் அவள். "நீங்க சொன்னீங்களே, ரெண்டு பேர் தூங்கிட்டான்னு."

ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார். கறுநீலக் கண்ணாடியில் நிழல் சட்டென்று தெரியாது. குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. குடையின் வட்டம் முதல் மூன்று பலகைகளின் கீழ்ப்பாதியில் சாவகாசமாகப் படுத்திருந்தது. ஆசிரியை எழுந்துகொண்டார். ஆபரேட்டர் குடையை மடக்கினார். திரையில் எண் ஏறி எட்டு புள்ளி ஒன்றில் நின்றது.

மாணவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்த செய்முறை என்று நினைத்துக்கொண்டார்கள். இவ்வளவு அழகாக யாரும் நிழலைப் புரியவைத்ததில்லை என்று ஆசிரியை பாராட்டினார். ஆபரேட்டரின் முகத்தில் ஈயாடவில்லை. மடக்கிய குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்தது.

அவர்கள் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவுகளை மணிவாரியாக எடுத்தார். பார்ப்பதற்கு முன்பே தெரியும், ஆனாலும் பார்த்தார். தான் உட்கார்ந்த நாளெல்லாம் காலையில் பள்ளம், மதியத்துக்குமேல் சமம். வியாழக்கிழமை பள்ளம் இல்லை. இதையெல்லாம் தன் கையாலேயே, தன் நல்ல கையெழுத்தில், சாட்சியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணி காய மாட்டேங்குது என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நாற்பது வரிசைப் பலகைகளும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது, வெளியே போகவே கூசினார்.

இந்த இடத்தில் நல்ல மனிதராக இருந்தால் நேரே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லியிருப்பார். நம் ஆபரேட்டரும் போனார். போய், மூன்று பேரால் சமாளிக்க முடியவில்லை, பழைய ஆளுக்கே இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். உங்கள் இஷ்டம் என்றார் மேனேஜர். குடையைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. சகலைக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது, தன் மானமும் காற்றில் பறக்காது, யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். செய்தியைக் கேட்டதும் மனைவி அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று நின்றாள்.

அவர்கள் போனபோது சகலை ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கில் புதிதாக ஒரு கண்ணாடி. வாங்க சகலை, வாங்கம்மா என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேற்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் ஆபரேட்டருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். மறுபடி வேலைக்கு வரலாம், மேனேஜரிடம் பேசிவிட்டேன் என்று அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்.

சகலை இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நடந்தும் எனக்காகப் பேசியிருக்கீங்க. இந்தத் தடவ உங்க பேரக் கெடுக்க மாட்டேன் சகலை. அதான் கண்ணாடி போட்டுட்டேன்."

"எதுக்கு கண்ணாடி?"

"நீங்க பொய்யா சொல்லப் போறீங்க? கண்ணுதான் போயிருக்கணும்னு டாக்டர்கிட்டப் போனேன். வயசுக்கு உள்ளதுதான், தேவையில்லைன்னார். நான்தான் விடாம கேட்டு வாங்கிக்கிட்டேன்."

மனைவியின் அக்கா செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். தினமும் இந்த ஜன்னலைத் துடைத்துவிட்டு, கறை இருக்கிறதா பார் என்று தன்னைக் கூப்பிடுகிறார், இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை, திரும்பத் துடைக்கிறார் என்றாள். பிறகு ஆபரேட்டரைப் பார்த்து, தங்களை மறக்காமல் இருந்ததற்குப் பெரிய மனசு வேண்டும் என்றாள்.

ஆபரேட்டருக்கு அங்கேயே தரைக்குள் போய்விட வேண்டும் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. பிடித்த கையை விடுவித்துக்கொண்டார்.

"அழுக்கு இல்ல சகலை" என்றார். "ஒரு நாளும் அழுக்கு இல்ல. என் குடை நிழல் விழுந்துதான் அந்த வரிசை குறைஞ்சுது. உங்களக் காவல் காக்கப் போட்ட குடை. நீங்க தள்ளிப் போடச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

சகலை கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு ஆபரேட்டரைப் பார்த்தார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

ஆபரேட்டர் தலையை மட்டும் ஆட்டினார். நிமிர முடியவில்லை. மனைவியின் அக்கா, கொண்டுவந்த தண்ணீரைக் கொடுக்காமலே உள்ளே போனாள். அவருடைய மனைவியும் பின்னாலேயே போனாள். இரண்டு மாதத்துக்குமேலாகப் பேசாத அக்காளும் தங்கையும் உள்ளே ஒரே மூச்சாகப் பேசுவது கேட்டது. யாரைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதாக ஆபரேட்டர் சொன்னார். சகலை தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"எழுதுங்க. ஆனா அது மட்டும் பத்தாது. அன்னைக்கு யார் யார் முன்னாடி என்னைப் போகச் சொன்னீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்போ வர்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏழாவது வரிசையருகே எல்லோரும் நின்றார்கள். மேனேஜர், கழுவுகிற மூன்று பேர், வாட்ச்மேன், கண்ணாடி இல்லாமல் சகலை. மேனேஜர் கையில் இரண்டாவது கடிதம் இருந்தது. சற்று முன் அறையில் அதைப் படித்தபோதே அவர் ஆபரேட்டரை உட்காரச் சொல்லவில்லை. ஆபரேட்டர் குடையை உருட்டிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். இருபது பேர் வாளி கைமாற்றுவதைச் சொன்னார். மாணவர்களிடம் மடைதிறந்தாற்போல் வரும் பேச்சு, அன்று ஒவ்வொரு சொல்லாக வந்தது. தான் குடை போட்டு உட்கார்ந்ததால்தான் குறைந்தது, சகலை கழுவியதில் ஒரு குறையும் இல்லை, தன் தவறுக்குத்தான் அவரை வெளியே அனுப்பியது என்றார். சகலை என்ற சொல் அந்த வேலிக்குள் அவர் வாயிலிருந்து வந்தது, சகலை வேலைக்கு வந்த முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான். பிறகு குடையை விரித்தார். திரையில் எட்டு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி நாலு ஆனது. மடக்கினார். எண் ஏறியது.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆபரேட்டர் குடையின் கயிற்றைக் கட்டி, எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று திரும்பினார்.

"சகலை" என்று கூப்பிட்டார் சகலை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னொரு தடவ விரிங்க. பின்னால நிக்கிறவங்களுக்குச் சரியாத் தெரியல."

ஆபரேட்டர் கயிற்றை அவிழ்த்து, குடையை மறுபடி விரித்தார்.